நன்னிலம் வட்டாரத் தவிட்டுக்குருவிகளின் அவை நடவடிக்கைகள்: ஓர் ஆய்வு

தவிட்டுக்குருவி எதையும் தனியாகச் செய்வதில்லை. இரை பொறுக்குவது, குளிப்பது, கோதிக்கொள்வது, பாம்பைக் கண்டு பதறுவது எல்லாம் அவை கூடித்தான் நடக்கும். அவைக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 உறுப்பினர்கள். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. தலைவர் யாரென்று வெளியார் கண்டுபிடிக்க வழியில்லை.

நீளம் சுமார் 23 செ.மீ. உடல் தவிட்டு நிறம், தலையுச்சி வெளிறியது, அலகு மஞ்சள். நீலம் ஓடிய வெள்ளைக் கண்தான் முகத்துக்கு நிரந்தரமான ஆட்சேபக் களையைத் தருகிறது. 1845இல் மதராஸ் படையின் மருத்துவர் ஜெர்டன் இப்பறவையை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். கொல்லைக்காரர்களுக்கு அந்த அறிமுகம் தேவைப்படவில்லை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது.

முடிகொண்டான் ஆறு பாயும் இந்த நெல் நாட்டில், தண்ணீர் நிற்கும் வயல் கொக்குக்கும் நாரைக்கும் உரியது. தவிட்டுக்குருவியின் எல்லை கொல்லைப்புறம், மூங்கில் புதர், வாழைத்தோப்பு, வைக்கோல் போர் என்று ஈரம் குறைந்த இடங்களோடு நின்றுவிடும்.

உணவு முறையே ஆய்வுக்கு அதிகம் இடம் தருவது. தத்தித் தத்திச் சென்று, உதிர்ந்த சருகை அலகால் புரட்டி, அடியில் பார்த்து, அதிருப்தியோடு வீசிவிட்டு அடுத்ததற்குப் போகும். பூச்சி, புழு, சிலந்தி, கறையான் அகப்படும். வேப்பம்பழம் உண்டு, கல்யாண முருங்கை பூத்தால் தேனும் உண்டு. பாத்திரம் தேய்க்கும் இடத்துச் சோற்றுப் பருக்கைக்கு மறுப்பே எழுவதில்லை. இத்தனை நேரமும் ஓர் உறுப்பினர் கிளையில் காவல் இருக்கும். வல்லூறோ பூனையோ தென்பட்டால் அது குரல் கொடுக்க, எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். பேச்சு மெல்லிய கீச்சுக்குரல், ஆனால் முடிவில்லாதது.

பறப்பதில் திறமை குறைவு. நாலு படபடப்பு, பிறகு ஒரு சறுக்கல். தெருவைக் கடக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகவே கடக்கும். இரவில் ஒரே கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து உறங்கும்.

கூட்டில் நல்ல நீலப் பச்சை முட்டைகள். குஞ்சுக்கு இரை ஊட்டப் பெற்றோர் மட்டுமன்றி மற்ற உறுப்பினர்களும் வருவர். அதே நிற முட்டையைச் சுடலைக்குயில் அங்கே இட்டுச் செல்கிறது. இவ்வளவு காவல் உள்ள அவையில் இந்தத் தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது என்று உறுப்பினர் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. குயில் குஞ்சு கூட்டை விட்டு வெளியேறிய பிறகும் அவையின் பின்னாலேயே திரிந்து, வாயைப் பிளந்து, தன் படியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.