வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் இரண்டு லாரிக்காரர்கள் சந்தித்தால் முதல் விசாரிப்பு, "வண்டி எங்க நிக்குது?" என்பதுதான். எங்கே ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. எண்பதுகளில் அது வெகு நியாயமான கேள்வி. அப்பாவிடம் இருந்த ஒற்றை ட்ரெய்லர் வண்டி தன் ஆயுளில் கணிசமான பகுதியை நின்றே கழித்தது. தொப்பூர் ஏற்றத்தில் ஹெட் கேஸ்கெட் அடித்து நிற்கும். ஆதிலாபாத் காட்டுக்குள் ஆக்சில் முறிந்து நிற்கும். நெல்லூர் தாண்டி, ஒரு காரணமும் சொல்லாமல் நிற்கும். அப்பாவைக் கேட்டால் மட்டும், "கண்ண மூடிக்கிட்டு நம்பி அனுப்பலாமுங்க, ஒரு தொந்தரவு இல்லாத வண்டி" என்பார்.

அது எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் லேலண்ட் கட்சி, டாடா கட்சி என இரண்டு உண்டு. அரசியலில் கட்சி மாறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இதில் மாறியவர்கள் குறைவு. இந்த வயதில் எதற்கு வம்பு.

அந்த வண்டியில் ஒரு சௌகரியம் இருந்தது. நின்றுபோனால் கிளப்பத் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பான். டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். பெங்களூர் மைக்கோ கம்பெனி செய்த பம்பு ஒன்று இன்ஜினோடு சேர்ந்து சுழன்று, சிலிண்டருக்கு இத்தனை சொட்டு என்று பங்கிட்டு அனுப்பும். முழுக்க இரும்பு, ஒயர் என்ற பேச்சே கிடையாது. ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி விற்றுவிட்டாலும் ஓடும். அதனால் பேட்டரி அப்பாவுக்கு ஆடம்பரச் செலவு. ராத்திரி ஹால்ட்டுக்கு டிரைவர் முதலில் தேடுவது சரிவான இடத்தை, சாப்பாட்டுக் கடை அப்புறம்தான். காலையில் சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து, உருளவிட்டு, கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். இன்ஜினை அணைக்க டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் டீசல் நிற்கும். அதன் கேபிள் அறுந்துபோன பிறகு, கிளீனர் பையன் இறங்கிப் போய் பம்பு லீவரை விரலால் தள்ளி இன்ஜினை அணைப்பான். இதைப் பழுது என்று யாரும் சொன்னதில்லை. அவனுடைய வேலைகளில் அதுவும் ஒன்றாகிப்போனது.

டீசல் டேங்கில் கல் பட்டு ஓட்டை விழுந்தால் வைத்தியம் துணி சோப்பு. காய்ந்த கட்டியைத் தேய்த்துத் தேய்த்து அடைத்தால் ஊர் வந்து சேரும்வரை தாங்கும். சோப்பு டீசலில் கரையாது. மழை வந்தால்தான் கவலை. லைனில் காற்றுப் பிடித்துக்கொண்டால் பம்பின் மேலிருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். நுரை நின்று டீசல் தெளிவாக வழியத் தொடங்கியதும் திருகை முறுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணலாம். எட்டாம் வகுப்புப் பரீட்சை லீவில் எனக்கே இது தெரியும்.

இதற்கு மேற்பட்டதெல்லாம் பாய் பட்டறைக்கு வரும். பாய் ஒரு முழ நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். பட்டறையே மூச்சை அடக்கி நிற்கும். பிறகு, "மூணாவது நாசில் ஒழுகுது ஓனரே" என்பார். கழற்றிப் பார்த்தால் பாதி நேரம் மூன்றாவதாக இருக்கும். மீதி நேரம் நாலாவதாக இருக்கும். "பக்கத்துலதான" என்பார். கூலியைக் கேட்டால், "குடுக்கறதக் குடுங்க." அப்பாவும் பாயும் அந்தக் 'குடுக்கறதை' ஒரு மணி நேரம் பேசி முடிவு செய்வார்கள்.

செலவைத் தணிக்கை செய்ய அப்பாவிடம் ஒரே ஒரு முறை இருந்தது. எந்தச் சாமான் மாற்றினாலும் பழைய சாமான் வீட்டுக்கு வந்தாக வேண்டும். பிஸ்டன் ரிங், பேரிங், நாசில், கிளட்ச் தட்டு எதுவானாலும் திண்ணையில் தினத்தந்தி விரித்து அதன்மேல் வைக்கப்படும். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து, தேய்ந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தடுக்கினால் செலவு நியாயம். தடுக்காவிட்டால் டிரைவருக்கு அன்றைக்குக் காபி கிடையாது. பிறகு அவையெல்லாம் ஒரு சாக்குக்குள் போய், சாக்கு நிறைந்ததும் பழைய இரும்புக்காரனிடம் போகும்.

அப்பா எழுதிய கணக்கு நோட்டுகளைப் பிற்பாடு புரட்டிப் பார்த்தேன். டீசல், டயர், டாக்ஸ், இன்ஷூரன்ஸ், செக்போஸ்ட் என்று தனித்தனிக் கட்டம். கடைசியில் 'இதர' என்று ஒரு கட்டம். ஆதிலாபாத்தில் ஆக்சில் முறிந்தபோது டிரைவர் பஸ் ஏறி ஊருக்கு வந்து, புது ஆக்சிலோடு திரும்பிப் போகும்வரை, பிலாய் பிளேட் லோடுக்குக் கிளீனர் பையன் தனியாகக் காவல் இருந்தான். பதினாறு வயது இருக்கும். ராத்திரியில் ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு, பகலில் போகிற வண்டிகளிடம் சோறு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான். அந்த நாட்களின் வாடகை நஷ்டம் நோட்டில் எங்கும் இல்லை. 'இதர'வில் ஆக்சில் விலையும், அவனுக்கு வாங்கித் தந்த லுங்கி விலையும் இருந்தன. பழைய வண்டி மலிவாக ஓடியது என்று இன்றைக்குச் சத்தியம் செய்கிறவர்கள் அத்தனை பேரிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்கும். எழுதாத செலவு செலவாகாது என்பதுதான் அதன் சூட்சுமம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சில் முறிந்ததில் ஆக்சிலின் குற்றம் ஒன்றுமில்லை. அனுமதிக்கப்பட்டதைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி அனுப்புவதுதான் அன்றைய சகஜம். ஏற்றிவிட்டு, கமான் பட்டைகள் வளைவு போய் நேராக நிற்பதைத் தள்ளி நின்று பார்த்து, "இன்னும் ரெண்டு டன் தாங்கும்" என்பார்கள்.

இப்போது வண்டிகள் என் மகன் பொறுப்பு. டாடாவில் வண்டிப் பெயரில் முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, அடுத்த இரண்டு ஏறக்குறையக் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு. 1210 என்ற வண்டி ரோட்டை ஆண்ட காலம் போய், இப்போது 5530 ஓடுகிறது. 55 டன், 300 குதிரை. 2018-இல் அரசாங்கமே ஆக்சில் எடை வரம்பை ஏற்றி, ட்ரெய்லருக்கு மொத்தம் 55 டன்வரை அனுமதித்துவிட்டது. அதாவது அப்பா காலத்தில் திருட்டுத்தனமாக ஏற்றியதில் ஒரு பகுதி சட்டபூர்வமாகிவிட்டது. அதற்கும் மேல் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

உள்ளதைச் சொல்ல வேண்டும். புது இன்ஜின் அபூர்வமானது. அப்பா பத்தாயிரம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றிய இன்ஜின் ஆயிலை, இவன் லட்சத்தை ஒட்டி மாற்றுகிறான். தொப்பூர் ஏற்றத்தில் டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறுகிறார். ஹெட் கேஸ்கெட்டை இவர்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வண்டி உடைவதே இல்லை. நிற்பது மட்டும்தான் நிற்கிறது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு நாள் டிரைவர் போன் பண்ணினார். திருப்பூர் பனியன் கண்டெய்னர், கப்பலுக்கு நேரமாகிறது. "என்ன ஆச்சு?" என்றேன். "வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. போவத்தான் மாட்டேங்குது."

நடந்தது இதுதான். 2017-இல் நாடு முழுக்க பிஎஸ் 4 புகை விதி வந்தபோதுகூடச் சில வண்டிகளில் பழைய பம்பு தொற்றிக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி, பிஎஸ் 5 என்ற படியையே தாண்டி பிஎஸ் 6 வந்ததும் அதன் கதை முடிந்தது. இப்போது புகைக்குழாய் ஒரு தொழிற்சாலை. முதலில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. நிறைந்ததும் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றிக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்தால் இது சத்தமில்லாமல் நடந்துவிடும். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நின்றால் சூடு ஏறாது, கரி மட்டும் ஏறும். முதலில் ஒரு விளக்கு எரியும். பிறகு இழுவை குறையும். பிறகு நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது. 300 குதிரையும் உள்ளேதான் இருக்கின்றன, ஆனால் கம்ப்யூட்டரிடம் அனுமதிச் சீட்டு இல்லை.

அடுத்து டிஇஎஃப், புகையைச் சுத்தப்படுத்தப் பீய்ச்சும் திரவம். சுத்த நீரில் 32.5 சதவீதம் யூரியா. இருபது லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். இதைக் கேள்விப்பட்டதும் என் மச்சினன் முகம் மலர்ந்துவிட்டது. "மாமா, இதுக்குப் போயி பக்கெட் பக்கெட்டா காசு குடுக்கறதா? சோளக்காட்டுக்கு வாங்குன மூட்டை கெடக்குது." நாட்டில் மானிய யூரியாவுக்கு 2015-இல் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானது, பயிரைத் தவிர வேறு எதற்கும் திருப்பிவிடாமல் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். மச்சினனுக்கு அது தெரியாது. துணியில் வடிகட்டித் தன் வண்டியில் ஊற்றினான். சில வாரங்களில் ஊசிக்குழாயில் உப்புப் பூத்தது மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி நின்றது. டாங்க், பம்பு, ஊசி, கேட்டலிஸ்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கடைசியில் அந்த மூட்டைதான் எங்கள் தாலுகாவிலேயே விலை உயர்ந்த யூரியா ஆனது. வேப்பெண்ணெய் மட்டும் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இன்றைய மெக்கானிக் பாயின் பேரன். காதில் இயர்போன், கையில் லேப்டாப். வண்டியில் ஒரு ஒயரைச் செருகினால் எஸ்பிஎன், எஃப்எம்ஐ என்று இரண்டு எண் வரும். மூன்றாவது இன்ஜெக்டர் என்றால் மூன்றாவதுதான். தாத்தாவைப் போல நாலாவதுக்குத் தாவுவதில்லை. ஆனால் பாய் நாசிலைக் கழற்றி, பேஸ்ட் போட்டுத் தேய்த்து, மறுபடி மாட்டிவிடுவார். 200 பார் அழுத்தத்தில் திறக்கும் நாசிலுக்கு அது போதும். இன்றைய இன்ஜெக்டர் 1,600 பாருக்கு மேல் வேலை செய்கிறது. டீசலில் ஒரு துளி தண்ணீர் கலந்தாலே அதற்கு ஜன்னி கண்டுவிடும். தேய்க்கிற பேச்சே இல்லை, புதிதுதான். விலை ஐந்து இலக்கம். புகைக்குழாயில் மூக்கு வைத்து மோப்பம் பிடிக்கும் நாக்ஸ் சென்சாரும் ஐந்து இலக்கம். எலி ஒயரைக் கடித்தாலும் இதே எண்கள்தான் வரும்; முதலில் சென்சாரை மாற்றி, பிறகு எலியைக் கண்டுபிடிப்பது வழக்கம்.

பின்னால் இழுபடும் ட்ரெய்லர் மட்டும் அப்பா காலத்திலிருந்து அதிகம் நகரவில்லை. அதே இரண்டங்குல கிங்பின், அதே கமான் பட்டை, அதே பிரேக் லைனிங், சிவப்பும் மஞ்சளுமாக அதே காற்றுக் குழாய்கள். முன்வண்டிக்கு லேப்டாப் வைத்தியம், ட்ரெய்லருக்குச் சுத்தியல் வைத்தியம். சுத்தியல் வைத்தியத்துக்கு இன்றைக்கும் பேசி முடிக்கலாம்.

கிளீனரைத்தான் காணோம். புது வண்டியில் அவன் செய்ய வேலை இல்லை என்று சம்பளத்தை மிச்சம் பிடித்தோம். கைப்பம்பு அமுக்கி, லீவர் தள்ளி, ட்ரெய்லருக்கு அடியில் படுத்த அந்தப் பையன்கள்தான் வளர்ந்து டிரைவர் ஆனார்கள். இப்போது சங்கக் கூட்டத்தில் டிரைவர் கிடைப்பதில்லை என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறோம். 2025-இல் புது லாரிக்குக் கேபினில் ஏசி கட்டாயம் என்று வந்ததும், அதுவாவது ஆள் கொண்டுவரும் என்று நம்பிக்கை பிறந்திருக்கிறது.

மகனின் கணக்கு எல்லாம் எக்செலில். போன மாதம் அவன் என் அப்பாவின் பழைய நோட்டையும் தன் கணக்கையும் பக்கத்தில் வைத்து, நின்ற நாட்களையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போட்டுக் காட்டினான். பழைய வண்டிதான் அதிகம் தின்றிருந்தது. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், கணக்கு மட்டும் மந்தமில்லை. தூத்துக்குடி பில்லை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஒரு வரியில் விரல் நின்றது. சாஃப்ட்வேர் அப்டேட்.

"இது என்ன சாமானப்பா?"

"அது புதுசா மாத்துனதுங்க தாத்தா. கம்ப்யூட்டருக்குள்ள."

"செரி. பழச வாங்கியாந்தயா?"

மகன் என்னைப் பார்த்தான். நான் பாயின் பேரனுக்குப் போன் போட்டு, ஓனர் பழைய சாமானைக் கேட்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் லைனில் யோசித்துவிட்டு, பென் டிரைவ் கொண்டுவந்தால் போட்டுத் தருவதாகச் சொன்னான்.