அம்மன் உள்ளூர்

விருதுநகரில் விடிந்ததும் எந்த டீக்கடைக்குப் போனாலும் அங்கே ஓர் அண்ணாச்சி அமெரிக்க அதிபரைத் திட்டிக்கொண்டிருப்பார். வத்தல் கமிஷன் கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் பேனா, கையில் பேப்பரின் உள்பக்கம். முதல் பக்கம் எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். அதைப் பற்றிப் பேச அவர் அதைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"அவன் வரி போடுவான், நாம பாத்துக்கிட்டு இருக்கணுமா? நானா இருந்தா ஒரே நாள்ல வழிக்குக் கொண்டு வந்திருப்பேன்" என்பார். டீ மாஸ்டர் மறுத்துப் பேசுவதில்லை. போன மாதப் பாக்கி இன்னும் வரவில்லை.

அண்ணாச்சியின் வீரம் தூரத்தைப் பொறுத்தது. வாஷிங்டன் என்றால் 'அவன்'. டெல்லி என்றால் 'அந்தாளு'. சென்னைக்கு வந்தால் பெயரே சொல்லாமல், "ரெண்டு கட்சியும் ஒண்ணுதான்யா" என்று பொதுவில் முடித்துக்கொள்வார். வார்டுக்கு வந்துவிட்டால் 'அவரு'. போன மழைக்கு வாறுகால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் அவர் வீட்டு வாசற்படி வரை ஏறிவிட்டது. கவுன்சிலரைக் கேட்கக்கூடாதா என்றேன். "பாவம், அவரு என்ன செய்வாரு? மழை பெஞ்சா தண்ணி வரத்தான் செய்யும்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "நமக்கு மச்சினன் முறை வேற" என்றார்.

பக்தியும் அப்படித்தான். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் என்று பேச்சு வந்தால் போதும். "சாமியப் பாக்க டிக்கெட்டா? பெரியார் சும்மாவா பேசினாரு?" என்று, திருநீற்றை அழிக்காமலேயே பெரியாரைத் துணைக்கு அழைப்பார். அதே அண்ணாச்சி, பராசக்தி மாரியம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிவிட்டால் வாயே திறக்க மாட்டார். அக்கினிச்சட்டி எடுப்பவர்கள் தெருவில் வரும்போது துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிவிடும். திருமலை எங்கேயோ இருக்கிறது. அம்மன் உள்ளூர், காதில் விழுந்துவிடும்.

சாதி? "இப்ப யாருய்யா அதெல்லாம் பாக்கா? பீகார் பக்கம் போய்ப் பாருங்க, கொடுமை!" மகனுக்குப் பெண் தேடும்போது மட்டும் ஏன் பார்த்தீர்கள் என்றால், "அது குடும்ப விஷயம்ல" என்பார். குடும்பம் நாட்டுக்குள் வராது போலும்.

இலவசங்கள்தான் நாட்டைக் கெடுத்தன என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. இதை அவர் விளக்கும் நேரத்தில் வீட்டம்மா காசு கொடுக்காமல் டவுன் பஸ்ஸில் தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயையும் கண்டபடி ஏசுவார். பதினைந்தாம் தேதியானால், "ஏறிருச்சான்னு போனப் பாரு" என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

அரசியல் பேச்சில் அவர் குரல் கம்மும் இடம் ஒன்றே ஒன்று: 1967. அந்தச் சட்டமன்றத் தேர்தலில் காமராஜர் தம் சொந்த ஊரிலேயே, மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இரண்டே வருஷத்தில் நாகர்கோவில்காரர்கள் இடைத்தேர்தலில் அவரை ஜெயிக்கவைத்து டெல்லிக்கு அனுப்பியதை அண்ணாச்சியால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "நாம செய்ய வேண்டியத அவனுவ செஞ்சுட்டானுவ" என்பார். பிறகு மதிய உணவு, பள்ளிக்கூடம், அணைக்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். இதை நான் கேலி செய்வதில்லை. அந்தக் கண்ணீர் அசல்.

"எங்கய்யா காமராஜருக்குத்தான் போட்டாரு."

"எங்கய்யாவும்" என்றார் பெஞ்சில் இருந்தவர். டீ மாஸ்டரின் தாத்தாவும் அவருக்கே போட்டாராம். ஊரில் நான் விசாரித்தவரை, மாற்றிப் போட்ட குடும்பம் ஒன்றுகூட அகப்படவில்லை.

"அப்போ அவரத் தோக்கடிச்சது யாரு அண்ணாச்சி?"

டீயை ஒரு மடக்குக் குடித்தார். "நம்ம தெரு இல்ல. எல்லாம் மேலத்தெருக்காரனுவ செஞ்ச வேல."

மேலத்தெருவுக்கும் போய்க் கேட்டேன். கீழத்தெருப் பக்கம் கையைக் காட்டினார்கள்.