பனமலைச் சித்திரமும் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையும்: பொருள் தேர்வு பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு மாணவரிடம் கட்டுரை கேட்பதில்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டுவிட்டால் அவருடைய ஆளுமை முழுவதும் தசமப் புள்ளியோடு தெரிந்துவிடும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பமோ 650 சொற்களுக்குள் உன்னைப் பற்றிச் சொல் என்கிறது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மரம் வளர்ப்பின் நன்மைகளை எழுதியே வளர்ந்த விழுப்புரத்துப் பிள்ளை, தன்னைப் பற்றிப் படைத்த ஒரே இலக்கியம் விடுப்பு விண்ணப்பம். அதிலும் கதாநாயகன் காய்ச்சல்தான். இப்படித் திகைத்து நிற்பவரிடம் எல்லோரும் சொல்வது, செய்த சாதனையை எழுது என்பது. செய்ததை அல்ல, நின்று பார்த்ததை எழுத வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு. சான்று பனமலையில் இருக்கிறது.

பனமலை தாளகிரீஸ்வரர் கோயிலைக் கட்டியவன் பல்லவன் ராஜசிம்மன்; காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இவனே காஞ்சி கைலாசநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சிற்றாலயங்களில் தன் விருதுப் பெயர்களை 200க்கும் மேல் வெட்டிவைத்தவன். ரணஜயன், சிவசூடாமணி, வாத்திய வித்தியாதரன் என்று போகிறது வரிசை. போர், பக்தி, இசை மூன்றும் வந்துவிட்டன. சமூக சேவைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கல்வெட்டு அறிஞர்களைத் தவிர வேறு யார் அதைக் கடைசிவரை படித்தார்கள்? பனமலையிலோ பக்கச் சிற்றறை ஒன்றில் ஓர் ஓவியம். சிவன் ஆடுகிறார், உமை பார்க்கிறாள். ஆடியவர் பெரும்பாலும் அழிந்து சில கோடுகளாகிவிட்டார். பார்த்தவள் குடை நிழலில், மகுடம் தரித்து, ஒரு காலை மடித்து, தலையைச் சாய்த்து இன்றும் நிற்கிறாள். ஓவிய ஆர்வலர்கள் மலையேறுவது அவளுக்காகத்தான்.

வேடிக்கை பார்ப்பவரைப் பற்றி அந்த வேடிக்கை என்ன சொல்லிவிடும் என்று கேட்கலாம். நிறையவே சொல்லும். உமையின் தலைச்சாய்வில் அவள் மனமும் தெரிகிறது, ஆட்டம் எப்படிப்பட்டது என்பதும் தெரிகிறது. திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்குள் கைவிட்டு அள்ளி, இரண்டை உடைத்து, ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றபடி சீட்டில் விலை எழுதும் வியாபாரியையும், அந்தத் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனையும் ஒரு பெண் எழுதினால், அவள் எங்கே நிற்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், எந்தக் கணக்கை மனதுக்குள் போடுகிறாள் என்பது தானாக வந்துவிடும். 'நான் விடாமுயற்சி உள்ளவள்' என்ற வரி தேவைப்படாது. அந்த வரியை வேறு ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள் என்பது தனிக்கதை.

உமை பிழைத்தது சுதையின் அதிர்ஷ்டம், அதில் கலைக்கொள்கை எங்கே வந்தது என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். மழைநீர் எந்தப் பக்கம் கசிந்ததோ, யார் கண்டார். ஆனால் சேர்க்கை அலுவலர் எந்தக் கட்டுரையைப் பசிவேளையில் பிரித்தார் என்பதும் அதே வகைக் கசிவுதானே? ஆகவே இம்மறுப்பு ஒப்புமையைப் பலப்படுத்தவே செய்கிறது.

அப்படியானால் மாவட்ட அளவில் வாங்கிய கேடயத்தை எங்கே சொல்வது என்று பெற்றோர் தரப்பு கேட்கும். அதற்கென்று அதே விண்ணப்பத்தில் 10 இடங்கள் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். ராஜசிம்மன் விண்ணப்பித்திருந்தால் எந்தப் பத்தை வைத்துக்கொள்வது என்று மந்திரிசபையைத்தான் கூட்ட வேண்டியிருந்திருக்கும்.