கேடியான மனு

யளனக.

தமிழ் டைப்ரைட்டிங் படித்தவர்களுக்கு இது மூல மந்திரம். இடது கையின் நான்கு விரல்களும் பிறந்ததிலிருந்தே அங்கேதான் உட்கார்ந்திருந்தன என்று நம்பும்வரை அடிக்கச் சொல்வார்கள். தமிழுக்குத் தட்டச்சுப்பொறி செய்துகொடுத்த யாழ்ப்பாணத்து ஆர். முத்தையாவை மனசுக்குள் வைதுகொண்டே லோயரும் ஹையரும் பாஸ் பண்ணினேன். அந்தத் தெம்பில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை போட்டேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் அப்ளிகேஷன், எல்லாவற்றுக்கும் மேலாக மனு.

டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தபோது நான் கவலைப்படவில்லை. பாமினி என்று ஒரு ஃபாண்ட் இருந்தது. யளனகவில் வைத்த விரலை எடுக்க வேண்டியதில்லை. தமிழே வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்தது தமிழ் இல்லை, தமிழ் வேஷம். எங்கள் பக்கத்தில் கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டினால் துரியோதனன். விடிந்து கழற்றி வைத்தால் டீக்கடையில் பீடி கேட்கிற மனிதர். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் அடித்ததெல்லாம் இங்கிலீஷ்தான். சின்ன எஃப் மேல் 'க' படத்தையும் சின்ன கே மேல் 'ம' படத்தையும் ஒட்டிவைத்திருந்தார்கள், அவ்வளவே.

இங்கிலீஷ் என்று நினைத்தால் சும்மா இருக்குமா? வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி எனக்கு உதவி செய்யும். பாமினியில் பெரிய எழுத்து என்றால் உகரம். 'கடந்த' என்று தொடங்கினால் 'குடந்த'. 'தங்கள்' என்று தொடங்கினால் 'துங்கள்'. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு வரும் மனுவில் பாதி கல்வராயன் மலையிலிருந்து வருவது. 'மலை' என்று தொடங்காத வாக்கியம் அதில் குறைவு. 'ம' அங்கே 'மு' ஆனால் என்ன சொல் வரும் என்று இங்கே எழுத முடியாது. மரியாதைப்பட்ட ஒரு டீச்சரம்மா அந்தப் பிரிண்டை வாசித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் கடைப்பக்கமே வரவில்லை. அந்த உதவியை நிறுத்த ஒரு டிக் மார்க்கை எடுத்துவிட்டால் போதும் என்று எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. ஊரே வெடி வெடித்தது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த மாதிரி மனுக்கள் எல்லாவற்றிலும் 'விழுப்புரம்' இருந்தது. தேடு, மாற்று, அனைத்தையும் மாற்று. ஒரே தட்டு. என்னைப் போல் புத்திசாலி உண்டா என்று டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் விழுப்புரம் ஜங்ஷன் கள்ளக்குறிச்சி ஜங்ஷன் ஆகியிருந்தது. சின்னசேலத்திலிருந்து எங்களுக்கு ரயில் பாதை வருமா என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நான் ஜங்ஷனையே கொடுத்துவிட்டேன். சரி, மாறியதுதான் இந்த லட்சணம் என்றால், மாறவேண்டியது மாறவில்லை. 'விழுப்புரத்தில்', 'விழுப்புரத்திலிருந்து', 'விழுப்புரத்துக்கு' எல்லாம் அசையாமல் நின்றன. 'ம்' போய் 'த்து' வந்துவிட்டதால் மெஷினுக்கு அது வேறு ஊர். எட்டாம் வகுப்பில் சாரியையில் கோட்டை விட்டவன் நான். அது நாற்பது வயதில் கடை தேடி வந்து பழி வாங்கியது. இத்தனைக்கும் நடுவில் ஒரு தாத்தா வந்து, "தென்னாற்காடு மாவட்டம்னே போடு, அதான் எனக்குப் பழக்கம்" என்றார். அவருக்கு 1993-இல் விழுப்புரம் பிரிந்ததே இன்னும் பைசல் ஆகவில்லை.

ஆனாலும் என் கண்ணைத் திறந்தவர் வெள்ளிமலைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஊருக்குத் தார்ச்சாலை கேட்டு மனு. அடித்து, பிரிண்ட் எடுத்து, 'சாஃப்ட் காப்பியும் இருக்கட்டும்' என்று பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து, கச்சிராயபாளையம் வழியாக மலையிறங்கி, பஸ் தூசியோடு வந்து நின்றார்.

"என்னா தம்பி, மனு எழுதுன்னா கேடின்னு எழுதிக் குடுத்திருக்கிற?"

"ஐயா, நான் ஏன் அப்படி எழுதப்போறேன்?"

"எம் பேரன் படிச்சுக் காட்டினான்யா. மொத வார்த்தையே அதான்."

பேரனிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். அதில் பாமினி இல்லை. கிரீடம் இல்லாத துரியோதனனைப் பையன் நேருக்கு நேர் பார்த்துவிட்டான். 'மனு' என்பதில் 'ம' சின்ன கே, 'னு' பெரிய டி. கே, டி. கேடி! கள்ளக்குறிச்சியோ எஃப், எஸ், அரைப்புள்ளி, எஸ், எஃப், அரைப்புள்ளி என்று போய்க்கொண்டே இருக்கிறது. இருபது வருஷமாக நான் அரசாங்கத்துக்கு அனுப்பிய ஒவ்வொரு பணிவான வேண்டுகோளுக்கும் உள்ளே கேடி ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான்.

வேஷம் கட்டாமல் தமிழைத் தமிழாகவே கம்ப்யூட்டரில் வைக்கிற யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கிவிட்டார்கள். 2010-இல் நம் அரசும் இனி அதுதான் என்று ஆணை போட்டது. என் கடை வந்து சேர அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது, அதுவும் ஒரு பிளஸ் டூ பையன் கையைப் பிடித்துக்கொண்டு. அவன்தான் என்எச்எம் கன்வர்ட்டரைக் காட்டினான். சென்னைப் பதிப்பகம் ஒன்று இலவசமாகக் கொடுத்த குட்டி மென்பொருள். பாமினியை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் யூனிகோடு விழுகிறது. கரும்பு ஆலையில் போட்டு எடுத்த மாதிரி.

அதே சூட்டில் தமிழ்99 விசைப்பலகையும் பழக ஆரம்பித்தேன். 1999-இல் வந்தது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். என் விரல்கள் ஒரு மாதம் வேலைநிறுத்தம் செய்தன. ஆனால் ஒரு நாள் ராத்திரி, கடையைச் சாத்தும் நேரத்தில், ஊர்ப் பேரை அடித்துப் பார்த்தேன். அதில் ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ. நான் ஒரு புள்ளி வைக்கவில்லை. மூன்று புள்ளியும் தானாக வந்து உட்கார்ந்தன. பாமினியில் பதின்மூன்று தட்டு, இதில் பதினொன்று. எங்கள் ஊரை மனசில் வைத்துத்தான் இதைச் செய்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் நாலு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்கினேன்.

பெரியவரின் மனுவை கன்வர்ட்டரில் போட்டு, புது பிரிண்ட் எடுத்து, "இப்ப எந்த லேப்டாப்ல வேணா திறங்க" என்று பெருமையாகக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தார். கையில் ஒரு பாட்டில் தேன். மனு கொடுத்தாயிற்றாம். நகலை ஊர்க் கூட்டத்திலும் படித்துக் காட்டினார்களாம்.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ஊர்ல ஒண்ணுதான் கேக்கறாங்க. தார்ச்சாலைன்னு போட்டு, பக்கத்துல பிராக்கெட்டுல சழயன்னு போட்டிருக்கிற. அவர்தான் காண்ட்ராக்டரா?"

நகலை வாங்கிப் பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று பிராக்கெட்டுக்குள் நான் இங்கிலீஷில் போட்டிருந்தது 'ரோடு'. கன்வர்ட்டர் அதையும் பாமினி என்று நம்பி ஆர், ஓ, ஏ, டி நாலையும் தமிழாக்கிவிட்டது. ச, ழ, ய, ன. கடைசிப் புள்ளியை ஊர்க்காரர்களே வைத்துக்கொண்டார்கள்.

"அவரு எப்ப தம்பி வருவாரு?"

தேன் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு, பதிலுக்காக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.