பாட்டிலா, கெக்கா?

வீட்டில் காய்ச்சும் பீரைப் பாட்டிலில் அடைப்பதா, கெக்கில் நிரப்புவதா?
(ஒரு வாசகர், கீழ்வேளூர்)

தமிழ்நாட்டில் அடைபடுவது பீர் அல்ல, காய்ச்சியவர். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில்?

காசு குறைவாக உள்ளவருக்குப் பாட்டில், பொறுமை குறைவாக உள்ளவருக்குக் கெக் எனும் எஃகுப் பீப்பாய். பாட்டிலில் லிட்டருக்குச் சுமார் 6 கிராம் சர்க்கரை சேர்த்து மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கரியமில வாயுவை உண்டாக்கும். நுரை கட்ட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கெக்கில் சிலிண்டரிலிருந்து வாயுவை ஏற்றினால் சில நாளில் தயார். ஆனால் சிலிண்டர், குழாய், ஃபிரிட்ஜ் என்று செலவு நீளும். வீடுகளில் பரவலாகப் புழங்கும் 19 லிட்டர் எஃகுக் கெக், முதலில் குளிர்பானத்துக்காகச் செய்யப்பட்டது!

பாட்டில் ஏன் வெடிக்கிறது?

அவசரத்தால். நொதித்து முடியும் முன்பே மூடினால் வாயு அளவு மீறும். சர்க்கரை கூடினாலும் அதே கதிதான்.

கள்ளையும் இப்படி அடைக்கலாமா?

கள் மூடிக்கு அடங்காது. மரத்திலிருந்து இறக்கிய பிறகும் நொதித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் போனால் புளித்துவிடும். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைச் சூடேற்றி, நொதித்தலை நிறுத்திய பிறகே பாட்டிலில் அடைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீர் போதை தராது; பனையேறியின் வீட்டில் உலை கொதிக்க வைக்கும். பருவத்தில் அதை வாங்கிக் குடியுங்கள்.