அவலுக்கு அடுப்பு வேண்டாம்

ஆஸ்டின், டெக்சாஸ்
28 பிப்ரவரி 2021

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். வழக்கம்போல இந்த வரியைத் தாண்டிப் போய்விடாமல் இரண்டு தடவை வாசி. பத்து நாளுக்கு முன்னால் போனில் நான் "கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, அடுப்பு எரியல" என்று சொல்லி, நீ கேட்டதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மீதிக் கதையை நீயே கட்டி, மறுநாள் குழாயடியில் வெளியிட்டும் விட்டாய். "அமெரிக்காவுல எம்மகன் பட்டினியாக் கெடக்கான்" என்ற சேதி பாத்திமா காலேஜ் ஸ்டாப் வரைக்கும் போய், அங்கிருந்து எப்படியோ கடல் தாண்டி, சியாட்டிலில் இருக்கிற நம்ம கோடி வீட்டுப் பையன் "அண்ணே, பணம் ஏதும் அனுப்பவா?" என்று கேட்கிறான். ஆகவே இந்தக் கடிதத்தைத் தெருவில் நாலு பேர் இருக்கும்போது தம்பியை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்.

நடந்தது இதுதான். 14ஆம் தேதி ஞாயிறு ராத்திரி பனி கொட்டியது. பேரன் சினிமா பார்ப்பதுபோல ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தான். விடிகாலை இரண்டு மணிவாக்கில் கரண்ட் போனது. சுழற்சி முறையில் கொஞ்ச நேரம்தான் நிறுத்துவோம் என்று அறிவிப்பு. சுழற்சி முறை எனக்குப் புதுசா? 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம், நமக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்று அரசாங்கம் பங்கு பிரித்துக் கொடுத்த ஊர்க்காரன் நான். எப்போது போகும், எப்போது வரும் என்று பார்த்து நீ மாவாட்டியதும், மோட்டார் போட்டதும், வந்தவுடன் தெருவே "ஏ... வந்துருச்சு!" என்று கத்தியதும் மறக்குமா? உன் மருமகளிடம், "இதெல்லாம் ஒரு கட்டா? ஒரு மணி நேரத்துல வந்துரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். வியாழக்கிழமைதான் வந்தது.

பெட்ரோலும் கேஸும் பூமிக்கடியில் புரளும் மாநிலத்தில் கரண்ட் எப்படிப் போகும் என்று நீ கேட்டாய். இங்கே வெயிலுக்குத்தான் எல்லாம் கட்டியிருக்கிறார்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாண்டி இறங்கியதும், கேஸ் கிணறும் குழாயும் உறைந்துவிட்டன. மின்நிலையம் ஓடக் கேஸ் வேண்டும். அந்தக் கேஸை அழுத்தி அனுப்பும் இயந்திரம் சிலதுக்குக் கரண்ட் வேண்டும். "நீ முன்னால போ", "இல்ல, நீ முன்னால போ" என்று இரண்டும் வாசலில் நின்றுவிட்டன. பக்கத்து மாநிலத்தில் வாங்கலாம் என்றால், டெக்சாஸ் தனக்கென்று தனி மின்தொகுப்பு வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தோடு பெரிதாக ஒட்டுறவு இல்லாமல் இருக்கிறது. பங்காளியோடு பேசாதவன் வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில். இன்னும் 4 நிமிடம் 37 நொடி அப்படியே போயிருந்தால் மொத்தத் தொகுப்பும் படுத்து, எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்குமாம். போன புதன்கிழமைதான் சொன்னார்கள். ஒரு ஈடு இட்லி வேகக்கூட அதற்குமேல் நேரம் ஆகும்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். உனக்கு அதுதானே வேண்டும்.

இங்கே அரசாங்கமே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கெட்டுப் போகாத சாப்பாடு பல நாளைக்கு. டார்ச், பேட்டரி ரேடியோ, கையால் திருகும் டின் ஓப்பனர். அந்தக் காகிதத்தைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். அதில் இருந்த சாமான் எதையும் வாங்கவில்லை. வீட்டில் அடுப்பும் கரண்ட் அடுப்புதான். கண்ணாடித் தகடு மாதிரி பளபளவென்று இருக்கிறது என்று நீ தடவித் தடவிப் பார்த்தாயே, அது அந்த நாலு நாளும் முகம் பார்க்கத்தான் உதவியது.

முதல் நாள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். வெளியே ஊரே ஃப்ரிட்ஜாக இருக்கிறதே என்று, பாலையும் இட்லி மாவையும் பால்கனியில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மாவு இறுகி, ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு போய் மாவே ஆட்டுக்கல் ஆகிவிட்டது. அன்றைக்கு ரொட்டியும் பழமும்.

இரண்டாம் நாள்தான் உன் மருமகள் அலமாரியின் மேல்தட்டில் கை விட்டாள். 2019இல் நீ வந்தபோது கொண்டுவந்த மூட்டை. அதற்கப்புறம் வந்தவர்கள் கையில் நீ கொடுத்தனுப்பிய பொட்டலங்கள். கெட்டி அவல், புளிக்காய்ச்சல் பாட்டில், சத்துமாவு, பொரிகடலை, கருப்பட்டி, கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர்மிளகாய், கூழ்வடகம். தேங்காயெண்ணெய் மெழுகாகி நின்றது. நல்லெண்ணெய் மட்டும் மானத்தைக் காத்தது.

அவலை அலசும்போதுதான் இங்கத்திய குளிரின் குணம் தெரிந்தது. நம் ஊரில் கை அலம்புவதற்குள் ஊறிவிடும். இங்கே தண்ணீர் ஐஸாக இருந்ததால் அரை மணி நேரம் ஆகியும் அவல் வறட்டு வீராப்போடு விறைத்து நின்றது. டப்பாவில் போட்டு மூடி, போர்வைக்குள் எங்களோடு படுக்க வைத்தோம். கோழிக்குஞ்சு மாதிரி மூன்று பேர் சூட்டில் ஊறியது. பிறகு இரண்டு கரண்டி புளிக்காய்ச்சல், ஒரு குழி நல்லெண்ணெய், உப்பு. விரலால் உதிர்த்துப் பிசைந்தால், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புளியோதரை நிறம். பேரன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றான். ராத்திரிக்குச் சத்துமாவில் கருப்பட்டித் தூள் போட்டு உருண்டை. சமைக்கத் தீக்குச்சி ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, அம்மா.

மூன்றாம் நாள், புதன்கிழமை, குழாயில் தண்ணீர் நூலாகி நின்றது. அதே நாள் மாநகராட்சி அறிவிப்பு: தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும். எதில் கொதிக்க வைப்பது? கக்கூசுக்கு ஊற்றப் பனியை வாளியில் அள்ளி வந்தோம். வாளி நிறைய அள்ளினால் உருகிக் கிடைப்பது ஒரு செம்புதான். அண்டா, குண்டான், தவலை, பெயிண்ட் டப்பா எல்லாவற்றிலும் நீ தண்ணீர் பிடித்து வைப்பதை "ஏம்மா, வீடா கண்மாயா இது?" என்று கேலி செய்தேனே, அந்த வாயைப் பனித்தண்ணீரில் கழுவிக்கொண்டேன்.

நீ போனில், "குமுட்டியக் கொளுத்தி ரூமுக்குள்ள வச்சுக்கய்யா" என்றாய். இதை மட்டும் தம்பி நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும். நம் ஓட்டு வீட்டில் சந்து சந்தாகக் காற்று ஓடும். இங்கே வீடு மூடி போட்ட டப்பா. கரியின் விஷவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிர் தாங்காமல் வீட்டுக்குள் கரி மூட்டியும், கராஜில் கார் எஞ்சினை ஓடவிட்டும் அந்த வாரத்தில் குடும்பம் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் திரும்பவில்லை.

அதனால் அன்றைக்கு நாங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துப் பக்கம் திறந்தவெளியில் இருக்கும் பொதுக் கரியடுப்புக்குப் போனோம். கோடையில் கறி சுடுவதற்காக வைத்தது. குளம் பனி மூடிக் கிடக்க, நாலைந்து குடும்பம் ஆளுக்கொரு சட்டியோடு வரிசையில் நின்றது. எனக்கு நம் விளாங்குடி ரேஷன் கடை ஞாபகம். எதிர் வீட்டுப் பெரியவரிடம் டின் டின்னாகச் சாப்பாடு இருந்தது. டின் ஓப்பனர் கரண்டில் ஓடுவது! கத்தியோடு போராடிக்கொண்டிருந்தார். நான் வாங்கி, டின்னைக் கவிழ்த்து, சிமெண்டுத் தரையில் விளிம்பைப் பரபரவென்று தேய்த்தேன். சின்ன வயதில் புளியங்கொட்டையைத் தரையில் உரசி அக்கா தொடையில் சூடு வைத்த கை அல்லவா? விளிம்பு தேய்ந்து மூடி கழன்றுகொண்டது. பெரியவர் என்னை எஞ்சினியரிங் படித்தவன் என்று அன்றைக்குத்தான் நம்பினார்.

நம் சட்டிக்கு முறை வந்தது. கரி பிடிக்காமல் இருக்க அடியில் சாம்பலைக் குழைத்துப் பூசுவாயே, அதைச் செய்தேன். பிளாஸ்டிக் பிடி உருகும் என்பது நினைவில்லை. பிடி போனாலும் சோறு வெந்தது. சுண்டைக்காய் வத்தல் போட்டுக் குழம்பு. வடகம் பொரிக்க எண்ணெய் போதாது, தணலில் சுட்டோம். அந்த வாசனைக்கு, பக்கத்தில் பீன்ஸ் காய்ச்சிய மெக்சிகோப் பாட்டி எட்டிப் பார்த்தார். மோர்மிளகாய் ஒன்று கொடுத்தேன். கடித்து, கண்ணை மூடி யோசித்து, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். பதிலுக்கு அவர் கொடுத்த ரொட்டியில் உன் வத்தக்குழம்பைத் தொட்டுத் தின்றோம். குழாயடியில் இதையும் சொல்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்ததும் என்னையறியாமல் "ஏ... வந்துருச்சு!" என்று கத்திவிட்டேன். பேரனும் கத்தினான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ பதிலுக்குக் கத்தினார்கள், என்ன பாஷை என்று தெரியவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன் அம்மா. இங்கே பேரிடருக்கென்று தனி அலமாரி வைக்கச் சொல்கிறார்கள். நீ அப்படி ஒன்றுமே வைத்ததில்லை. தினமும் தின்று, தீரத் தீரப் போட்டு வைத்தாய். அதனால்தான் அது பட்டியலாக என் கண்ணில் படவே இல்லை.

2019இல் உன்னை இங்கே அழைத்து வந்தபோது விமான நிலையத்தில் பெட்டி 23 கிலோவைத் தாண்டியபோது, வத்தலை எடுத்துவிடு என்று உன்னிடம் சண்டை போட்டேன். நீ தரையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, எனக்காகத் தம்பி வாங்கிய இரண்டு ஜோடி ஷூவை எடுத்துத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மூடினாய். ஒரு வாரம் உன்னோடு சரியாகப் பேசவில்லை.

பங்குனி வெயில் வரப்போகிறது. பரவை மார்க்கெட்டில் கொத்தவரங்காய் மலிந்தால் மொட்டை மாடியில் கொஞ்சம் கூடவே காயப்போடு. கொரோனா அடங்கி விமானம் ஒழுங்காக ஓடியதும் வருகிறேன். அந்த ஷூ இன்னும் பரணில்தான் இருக்கும் என்று தெரியும். தம்பியையே போட்டுக்கொள்ளச் சொல். பெட்டியில் அதற்கு இடம் இருக்காது.

இப்படிக்கு,
வயிறு நிறைந்த உன் மகன்