எட்டாம் எடத்துக்கு ஒரு பட்டா

வா அப்புனு, உக்காரு. அந்தப் பக்கம் கயிறு தொங்கிப் போச்சு, கட்டில்ல இந்தப் பக்கமா உக்காரு. ஏனப்பா மூஞ்சி இப்படிக் கெடக்குது? சினைமாட்டைப் பறிகுடுத்தவனாட்ட வாரே. ஓ, ஃபுட்பாலா? 2024–25 ஐஎஸ்எல்ல 13 டீமுல 11ஆவதா வந்துட்டாங்களா? போச்சாது வுடு. உனக்குக் கீழயும் ரெண்டு பேரு இருக்கறாங்கல்ல. ஆத்தா மோரு கொண்டாருவா, குடி. உப்புப் பத்தலைன்னா அவளைக் கேக்காதே, உன்ற கண்ணுலயே வேணுங்கற அளவு நிக்குது.

எனக்கு மொதல்ல இருந்தே உன்ற டீமு பேருலதான் சந்தேகம். சென்னையின் எஃப்.சி.ங்கறே. சென்னையின்... சென்னையின் என்ன? நான் அஞ்சாப்புத்தான். ஆனாலும் 'இன்'னுன்னு வந்தா பின்னால ஒரு பேரு வந்து சேரோணும்னு எங்க வாத்தியாரு காதைத் திருகிச் சொல்லிக் குடுத்தாரு. சென்னையின் கடற்கரை, சென்னையின் கொசு, இப்படி. இவங்க பாதியில வுட்டுட்டாங்க. ஆட்டமும் அப்படித்தான் இருக்குது. பந்தை வாங்கறாங்க, ஓரமா ஓடறாங்க, ஓடறாங்க, கோல்கிட்டப் போனதும் வாக்கியம் நின்னு போகுது.

2020–21ல எத்தனை கோலு போட்டாங்கன்னு நீதான் சொன்னே. 20 ஆட்டத்துல 17. செயிச்சது மூணு, தோத்தது ஆறு, மிச்சம் 11 ஆட்டம் டிரா. டிராங்கறது என்ன தெரியுமா? பங்காளி ரெண்டு பேரு வரப்புச் சண்டையில தாலுக்கா ஆபீசுக்குப் போயி, பொழுதன்னைக்கும் வேப்பமரத்தடியில நின்னுட்டு, ஒரே பஸ்ஸுல பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஊட்டுக்கு வாராங்களே, அதுதான். வருசத்துக்கு ஒருக்கான்னா பரவால்ல. 11 தடவை போனா கண்டக்டரே சிரிப்பான்.

அந்த வருசம் எட்டாம் எடம். அடுத்த வருசமும் எட்டு. அதுக்கடுத்த வருசமும் எட்டு. நான் உன்ற ஆத்தாகிட்டச் சொன்னேன், பையனுக நெம்ப ரோசனையாப் போறாங்கன்னு. அடுத்தவன் காட்டை 12 வருசம் ஆரும் தடுக்காம உழுது தின்னுக்கிட்டிருந்தா, அப்பறம் அது நம்மளுதுன்னு கோர்ட்டுல நிக்கலாமாம். பழைய கணக்கப்புள்ளை இதைச் சொல்லியே பாதிப் பேரைக் கெடுத்து வச்சாரு. மூணு வருசம் முடிஞ்சுது. இன்னும் 9 வருசம் கம்முனு இருந்திருந்தா எட்டாம் எடத்துக்குப் பட்டாவே வாங்கியிருக்கலாம். ஆரு கண்ணு பட்டுச்சோ, 2023–24ல ஆறாம் எடத்துக்கு ஏறி, பிளேஆஃபுக்குப் போயி, கோவாக்காரங்கிட்டத் தோத்துட்டு வந்தாங்க. அனுபவ பாத்தியதை அத்தோட போச்சு. அடுத்த வருசமே 11க்கு எறங்கிட்டாங்க. புதுக் காடு, மொதல்ல இருந்து உழுகோணும்.

சிரிக்காதே, சிரிச்சா மோரு மூக்குல ஏறிரும்.

கோச்சு சமாச்சாரத்துக்கு வருவோம். மொதல்ல வந்தவரு இத்தாலிக்காரரு, மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடேன் நெஞ்சுல முட்டுனாரே, அந்த முட்டை வாங்குன புண்ணியவான். கெடா முட்டைத் தாங்குன ஆளு வண்டி ஓட்டுவாருன்னு அன்னைக்கே சொன்னேன். ஓட்டுனாரு. 2015ல அடியில கெடந்த டீமைத் தூக்கி நிறுத்துனாரு. அந்தக் கார்த்திகை மழையில மெட்ராசே தண்ணியில நின்னுச்சு, நம்ம மைதானத்துல நடக்க வேண்டிய செமிஃபைனலைப் புனேவுக்குக் கொண்டு போனாங்க. அங்க போயும் கொல்கத்தாவுக்கு மூணு போட்டாங்க. ஃபைனல்ல 90 நிமிசம் ஆகிற வரைக்கும் கோவா 2–1 முன்னால. அவங்க கோலியே பந்தைத் தன்ற வலைக்குள்ள வுட்டாரு, ரெண்டு நிமிசத்துல மெண்டோசா இன்னொண்ணு போட்டாரு. கோப்பை நம்மளுது. நீ அன்னைக்குக் கட்டுத்தரையில குதிச்ச குதியில எருமை கவுத்தை அத்துக்கிட்டு ஓடுச்சு. அதைப் புடிக்க நான்தான் ஓடுனேன்.

அதுல இருந்து புடிச்சுது வினை. தோனி பங்குக்காரரா இருக்கற டீமு, கடைசி ஓவர்ல அடிச்சுக்கலாம்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டாங்களாட்ட இருக்குது. அவரு கடைசி வரைக்கும் இழுத்தாலும் கையில பேட்டு இருக்கும். உன்ற ஆளுக கையில ஒண்ணுமில்லாம இழுக்கறாங்க.

அப்பறம் கிரிகரின்னு இங்கிலாந்துப் பெரியவரு. 2018ல பெங்களூருக்கே போயி அவங்க ஊட்டு முத்தத்துல வச்சு 3–2. அந்த பிரேசில்காரரு, மெயில்சன், ரெண்டு கார்னர்லயும் பனைமரத்தாட்ட எந்திரிச்சுத் தலையில போட்டாரே, அது ஆட்டம். அதே பெரியவரு, பாதிக்கு மேல அதே ஆளுக, அடுத்த சீசன்ல கடைசி. பெரியவரு போனாரு, கோய்ல் வந்தாரு, அதுக்கடுத்த 2019–20ல ஃபைனல் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. நல்லா ஓட்டறவனை வச்சுக்கோணும்ல? அவரு ஜாம்ஷெட்பூருக்குப் போயிட்டாரு. 15 கோலு போட்ட வால்ஸ்கிஸும் கூடவே போனாரு. ரெண்டு வருசத்துல ஜாம்ஷெட்பூரு லீக் ஷீல்டைத் தூக்கிருச்சு. வண்டிக்காரனையும் காளையையும் சேத்து ஓட்டி வுட்டுட்டு, வெறும் நொகத்தடியை வச்சுக்கிட்டு நின்னாங்க உன்ற ஆளுக. அப்பறம் ஹங்கேரிக்காரரு ஒருத்தரு, மாண்டநீக்ரோக்காரரு ஒருத்தரு, செர்மனிக்காரரு ஒருத்தரு. கடைசியில மறுபடி கோய்லையே போயிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. கோவிச்சுக்கிட்டுப் போன மருமவனை மூணு வருசம் கழிச்சுப் போயி அழைச்சாப்பல.

அதனால என்ற ரோசனை இதுதான், எழுதிக்கோ. வருசத்துக்கு ஒரு கோச்சுங்கறதெல்லாம் பழைய முறை. வாரத்துக்கு ஒருத்தரு வரட்டும். திங்கக்கிழமை வாரவரு ஆழ உழுகச் சொல்லட்டும், அடுத்த திங்கக்கிழமை வாரவரு உழுகவே வேண்டாம்னு சொல்லட்டும். பையனுக கொழம்பிப் போயி எந்தப் பக்கம் ஓடறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. எதிராளிக்கு எப்படித் தெரியும்? இதை வுடப் பெரிய வியூகம் உலகத்துல இருக்குதா?

வெளிநாட்டுக்காரங்களைப் புடிக்கற விசயத்துல மட்டும் நான் விளையாட்டுக்குப் பேச மாட்டேன். கண்ணபுரம் சந்தையில 40 வருசம் மாடு புடிச்சவன் நான். துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் புடிச்சு விலை பேசறது கடைசி வேலை. அதுக்கு முன்னால பல்லைப் பாக்கோணும், சுழியைப் பாக்கோணும், நாலு எட்டு நடக்க வுட்டுப் பின்னங்காலைப் பாக்கோணும். முக்கியமா, கட்டுத்தரையில இருக்கற மாட்டுக்கு இது சோடி சேருமான்னு பாக்கோணும். இவங்க படத்தைப் பாத்துப் புடிக்கறாங்களாட்ட இருக்குது. வந்து எறங்கறது பாதி கடைசேந்த மாடு, அடுத்த வருசம் அதையும் காணோம். ஒரு சோடி பழகறதுக்கே ரெண்டு வெள்ளாமை ஆகும் அப்புனு.

சட்டமும் மாறிக்கிட்டே வருது பாரு. ஆரம்பத்துல ஒரே நேரத்துல ஆறு வெளிநாட்டுக்காரங்க எறங்கலாம். அப்பறம் அஞ்சாக்குனாங்க, அப்பறம் நாலாக்குனாங்க. அப்படின்னா 11ல ஏழு பேரு நம்ம நாட்டுப் பையனுக. நீயென்னடான்னா அந்த நாலு பேரு பேரை மட்டும் மனப்பாடமாச் சொல்றே. வண்டியில பூட்டியிருக்கற காளையைச் சொல்லு, கொம்புல மாட்டுன சலங்கையையே சொல்லிக்கிட்டிருந்தா?

2019 மாசில உன்னையக் கூட்டிக்கிட்டுக் கோயமுத்தூரு நேரு ஸ்டேடியத்துக்குப் போனது நாபகம் இருக்குதா? சென்னை சிட்டிக்கும் மினர்வாவுக்கும் ஐ-லீக் கடைசி ஆட்டம். செயிச்சாக் கோப்பை. ஆரம்பத்துலயே ஒரு கோலு வாங்கிட்டாங்க. நீ வேர்க்கடலைப் பொட்டணத்தைக் கையிலயே நசுக்கிட்டே, முக்காவாசி எனக்குச் சேரவே இல்லை. அப்பறம் மூணு போட்டு 3–1. மான்சின்னு ஒரு ஸ்பெயின்காரரு அந்த வருசம் 21 கோலு. அவருக்குப் பின்னாலயும் பக்கத்துலயும் ஓடுனது ஆரு? நெய்வேலி எட்வின், ரொமாரியோ ஜேசுராஜ், இன்னும் நம்ம பக்கத்துப் பையனுக. அதே வருசம் ஐஎஸ்எல்ல உன்ற டீமு 18 ஆட்டத்துல ரெண்டு செயிச்சு, 54 பாயிண்டுக்கு 9 வாங்கிக் கடைசி. சென்னைன்னு பேரை வச்சுக்கிட்டுக் கோயமுத்தூருல ஆடுனவன் மொதல்ல வந்தான், சென்னையிலயே ஆடுனவன் கடைசியில வந்தான். சிறுவாணித் தண்ணின்னு நான் சொன்னா ஊர்ப்பெருமைம்பே, அதனால சொல்லலை.

எட்வினை அப்பறம் உன்ற டீமு கூப்புட்டுக்கிட்டாங்க, அது புத்தி. 2018 கோப்பையில வியாசர்பாடி தனபால் கணேஷு இருந்தாரு, அதுவும் புத்தி. ஆனா 2023ல டூராண்டு கோப்பையில மோகன் பகானுக்கு ஒரு கோலு போட்டு, நாலஞ்சு வருசமா அவங்ககிட்டத் தோத்துக்கிட்டிருந்த ஈஸ்ட் பெங்காலை நிமித்துனது ஆரு? நந்தகுமாரு. மெட்ராஸ் பையன். கொல்கத்தாவே அவன் பேரைச் சொல்லிக் கூத்தாடுச்சு. நம்ம கன்னுக்குட்டி அடுத்தவன் பட்டியில பாலைக் கறக்குது, நாம பால் பவுடரு டப்பாவுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக்கிட்டிருக்கறோம்.

இதையெல்லாம் அவங்களுக்கு எழுதிப் போடறயா? போடு, போடு. சம்பளம் கேக்க மாட்டேன்னும் சேத்து எழுது. ஒரு வேட்டியும் போயிட்டு வாரதுக்கு டிக்கெட்டும் போதும்.

அப்பறம் ஒண்ணு கேக்கோணும்னே இருந்தேன். போன நோம்பிக்கு வந்தப்ப ஒரு நீலப் பனியனை வுட்டுட்டுப் போனியே, அதைச் சோளக்காட்டுப் பொம்மைக்கு மாட்டி வுட்டேன். மொத நாளு ஒரு குருவி அண்டலை. ரெண்டாம் நாளு ரெண்டு வந்து தூரமா நின்னு பாத்துச்சு. மூணாம் நாளு காலையில போறேன், ஒரு மைனா அதோட தோள்மேலயே உக்காந்து கதிரைத் தின்னுக்கிட்டிருக்குது. அதுகளுக்கும் ஆரோ சொல்லிட்டாங்களாட்ட இருக்குது. அடுத்த தடவை வாரப்ப வேற டீமு பனியன் ஏதாச்சும் கெடைச்சா கொண்டா சாமி.